உப்புக்கிணற்றில் ஓர் ஆவுளியா

எங்கள் கிணற்றில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டியவர் என் வீட்டுக்காரர். பெயர் சோணைமுத்து. வாயால் சொல்ல எனக்குக் கூச்சம், எழுத்தில்தானே, பரவாயில்லை. உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்க ஊரே தலைகீழாக நிற்கிற பூமியில், கொஞ்சம் தேறி வந்த தண்ணீரில் உப்பைக் கொட்டுகிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போது நினைத்தாலும் வருகிறது. அதற்கு மேலே வேறு ஒன்றும் வருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பந்தல்குடிக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக எங்கள் நிலம். அதற்கு முன்னால் அடுத்தவர் காட்டில் களை எடுத்தும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்கள்தான் நாங்கள். சொந்தமாகத் தரிசு வாங்கி, நாங்களே மண் சுமந்து கிணறு வெட்டினோம். ஊற்று அடித்ததும் அவர் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார், துப்பினார். நானும் வைத்தேன், துப்பினேன். புதுக்கிணற்றுக்கு வைக்கிற பொங்கலைக்கூட நாங்கள் வைக்கவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்குக்கூட நாங்கள் உப்புக்கிணற்றுக்காரர்கள்தான். அவருக்கு அது பொறுக்காது. ஊர்க் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசுவதையே விட்டுவிட்டார்.

நெல்லிக்கட்டையைக் கிணற்றில் போட்டால் உப்பு முறியும் என்பார்கள். அவர் எங்கெங்கோ அலைந்து நெல்லிக்கட்டை வெட்டிவந்து போட்டார். அது நைந்துபோனால் வேறு போட்டார். நெல்லிக்கட்டைதான் முறித்ததோ, நடுவில் பெய்த இரண்டு நல்ல மழைதான் முறித்ததோ, அறுபதுகள் முடிகிற சமயத்தில் மிளகாய் வைக்கிற அளவுக்குத் தண்ணீர் தேறியது. எழுபத்து நாலாம் வருஷம் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தபோது, அந்த வட்டாரத்தில் பச்சையாக நின்றது எங்கள் மிளகாய்த் தோட்டம் ஒன்றுதான். மாடு பூட்டிக் கமலை கட்டி இறைத்தோம். நான் செடியைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தேன்.

அந்தப் பங்குனியில்தான் செல்லப்பாண்டி என்று ஒருவன் லாரியோடு வந்தான். திருவிழாவுக்குத் திருவிழா கூடாரம் அடித்து அதிசயம் காட்டுகிற ஆள். ரெட்டைத்தலை ஆட்டைக் காட்டியவன், இந்தத் தடவை அருப்புக்கோட்டைப் பங்குனிப் பொங்கலுக்குக் கடல்கன்னி காட்டப் போகிறானாம். பந்தல்குடி டீக்கடையில் லாரியை நிறுத்தி, “இங்கன உப்புத்தண்ணிக் கெணறு எங்கயாவது இருக்கா?” என்று கேட்டானாம். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் கையைக் காட்டினார்கள். எங்கள் கிணற்றைத் தேடிக்கொண்டு ஓர் ஆள் வந்தது அதுதான் முதல் தடவை.

லாரியில் தகரம் அடித்த பெரிய பெட்டி. உள்ளே கலங்கிய தண்ணீரில் பசுமாட்டைவிடப் பெரிய உருவம் ஒன்று அசையாமல் கிடந்தது. காலும் இல்லை, காதும் இல்லை. முன்னால் இரண்டு துடுப்பு, பின்னால் மீன் மாதிரி பிளந்த வால், தடித்த மேலுதடு நிறைய முரட்டு முடி. கன்னியாவது ஒன்றாவது. “ஆவுளியான்னு சொல்லுவாக. கடல்பசு. தண்ணி நாறிப்போச்சுண்ணே. ரெண்டு நாளைக்கு ஒங்க கெணத்துல கெடக்கட்டும், கூடாரம் போட்டுட்டு வந்து எடுத்துக்கிறேன்” என்றான் செல்லப்பாண்டி. நான் கூடாது என்று சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் கமலைக் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார். வலையில் சுற்றி, வடம் கட்டி, மாடுகளைப் பின்னுக்கு நடத்தி மெதுவாக இறக்கினார்கள். தண்ணீரைத் தொட்டதும் அது ஒரு முழுக்குப் போட்டது. சற்று நேரம் கழித்து மேலே வந்து மூக்கைத் திறந்து மூச்சு விட்டது. களைத்துப்போன மனுஷி விடுகிற மூச்சு. கிணற்றுச் சுவரில் பட்டு அது எங்கள் காதில் விழுந்தது.

போன செல்லப்பாண்டி திரும்பவில்லை. சேதி கொண்டுவந்தவன் உக்கிரபாண்டி. அருப்புக்கோட்டை வியாபாரி சங்கரபாண்டியன் லாரியை ஓட்டுகிறவன். வேம்பார்ப் பக்கத்து உப்பளத்துக்குக் காலி லாரியாகப் போய் உப்பு ஏற்றிக்கொண்டு வருவான். என்னை அக்கா என்பான்.

“அக்கா, அதெல்லாம் புடிக்கவும் கூடாது, வச்சிருக்கவும் கூடாதுன்னு புதுசா சட்டம் வந்திருக்காம். அருப்புக்கோட்டையில யாரோ சொல்லியிருக்காக. அந்தாளு கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டான்.”

மறுநாளே என் வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு காட்டிலாகா ஆபீசைத் தேடிப் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. புலி, யானைக்கு என்ன காவலோ அதே காவல் இதற்கும் உண்டாம். கடலில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறதாம். அதனால் அதை யாரும் தொடக்கூடாது, விற்கக்கூடாது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது.

“சரி, அவுகளே வந்து எடுத்துக்கிட்டுப் போவாகளா?” என்றேன்.

“வந்து பாக்குறோம்னு சொன்னாக. அதுவரைக்கும் இருந்த எடத்தை விட்டு அசைக்கக் கூடாதாம். அசைச்சா நாம உள்ள போகணுமாம்.”

வரவில்லை. ஜீப் ரிப்பேர் என்றார்கள், அதிகாரி லீவு என்றார்கள். கடலில் இருக்கிறதைக் காப்பாற்ற எழுதின சட்டத்தில், பந்தல்குடிக் கிணற்றில் கிடப்பதை என்ன செய்வது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, யார்தான் கண்டார்கள்.

ஊர்சனம் வந்து எட்டி எட்டிப் பார்த்தது. பசு என்று பெயர் கேட்டதும் பெண்கள் அகத்திக்கீரைக் கட்டோடு வந்து போட்டார்கள். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும்கூட ஆட்டிக் கொண்டுவந்தார்கள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலைந்து நாளில் முதுகுத்தோல் வெளுத்து உரிய ஆரம்பித்தது. அப்போதுதான் பிச்சையம்மாள் வந்தாள். வேம்பாரில் மீன் எடுத்து, பஸ்ஸில் கொண்டுவந்து, எங்கள் பக்கம் கூடை சுமந்து விற்கிறவள். கரையில் வெகுகாலம் பழகியவள். கிணற்றுக்குள் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

“ஏ ஆத்தா, இதை ஏன் இங்க கொண்டாந்து போட்டீக? இது கடலுக்கடியில பச்சைப்புல் மேயிற உசுரு. ஒங்க அகத்தியத் திங்குமா?” என்றவள், மீனை மூடியிருந்த ஈரக் கடல்புல்லை அள்ளிக் கிணற்றில் போட்டாள். மேலே வந்த ஆவுளியா உதட்டால் அதைத் தடவிப் பார்த்தது. பிறகு மடக் மடக்கென்று தின்றது. பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார்.

பிச்சையம்மாள்தான் எல்லாம் சொன்னாள். முன்பெல்லாம் மந்தையாக மேயுமாம். கறிக்கும் எண்ணெய்க்கும் அடித்து அடித்து, இப்போது நைலான் வலையும் வந்த பிறகு, ஒன்றிரண்டு தென்பட்டாலே பெரிசாம். வலையில் மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகுமாம். பல வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடுமாம். துடுப்பால் அணைத்துப் பால் கொடுக்குமாம். கரையில் இழுத்துப் போட்டால் கண்ணிலிருந்து நீர் வடியுமாம்.

“இந்தத் தண்ணியில அதுக்கு உப்பும் பத்தாது” என்று முடித்தாள். அந்த ஒரு பேச்சுதான் என் தோட்டத்துக்கு உலை வைத்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் அவர் கிணற்றில் இறங்கி, தான் தேடித் தேடிப் போட்ட நெல்லிக்கட்டைகளையெல்லாம் மேலே எடுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் உக்கிரபாண்டி லாரி வந்து நின்றது. கிழிந்தும் நனைந்தும் போன உப்பு மூட்டைகளை இருவரும் இறக்கினார்கள். கடல்புல்லும் இரண்டு சாக்கு இருந்தது, கரையில் ஒதுங்கியதை வாரிவரச் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஓடிப்போய் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? இந்தத் தண்ணிக்காக எத்தனை வருசம் காத்துக் கெடந்தோம். உப்பைக் கொட்டிட்டா மொளகா என்னத்துக்கு ஆகும்?”

“எந்திரி பொன்னு.”

“மாட்டேன். ஊரான் உசுருக்கு நம்ம வயித்தைக் காயப்போடணுமா?”

அவர் சத்தம் போடவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, செடிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மொளகாயை அடுத்த வருசமும் வைக்கலாம். இது போச்சுன்னா அடுத்த வருசம் வராது. அந்தப் பொம்பளை சொன்னதைக் கேட்டேல்ல? ஒன்னு ரெண்டுதானாம் இருக்கு. அதுல ஒன்னு நம்ம கெணத்துல செத்துச்சுன்னு இருக்க வேணாம்.”

நான் எழுந்திருக்கவில்லை. அவர் மற்ற மூட்டைகளைக் கொட்டினார். கடைசியில் என்னையும் மூட்டையையும் விட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதன் பிறகு நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். சோற்றைப் போட்டு முன்னால் தள்ளுவேன், அவ்வளவுதான். இறைப்பு நின்றதால் செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. காய் சுருங்கிப் பூ உதிர்ந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். அவரோ வேளைக்கு ஒரு முறை கிணற்றுப் படியில் இறங்கிப் புல் போடுவார், தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார், திருப்தியாகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கே அவரைப் பிடித்து உள்ளே தள்ளலாம் போலிருக்கும்.

ஒருநாள் அவர் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது, புல் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. வேண்டாவெறுப்பாகப் படியில் இறங்கினேன். அதுவரை நான் மேலே இருந்துதான் பார்த்திருந்தேன். புல்லை நீட்டியதும் அது என் கைக்கு அருகில் வந்து, உடம்பைச் சாய்த்து ஒருக்களித்தது. துடுப்பைத் தூக்கியபோது அதன் அடியில் காம்பு தெரிந்தது. மனுஷிக்கு இருக்கிற இடத்தில், மனுஷிக்கு இருக்கிற மாதிரியே. காம்பைச் சுற்றிக் கறுத்துத் தடித்திருந்தது. வயிற்றைப் பார்த்தேன். மூன்று பெற்றவள் நான், வயிறு இறங்கியிருந்தால் எனக்குத் தெரியாதா? புல்லைத் தின்றுவிட்டு அது நீந்தப் பார்த்தது. இந்தச் சுவரில் முட்டித் திரும்பி அந்தச் சுவரில் முட்டியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் மிளகாய்ச் செடிக்காக அழுத கண்ணுதான் அதுவும்.

மேலே ஏறிப் போய் அவரோடு பேசினேன். “ஒங்க உப்பும் புல்லும் அதுக்குப் பத்தாது. அது மாசமா இருக்கு. இந்தக் குழிக்குள்ள குட்டி போட்டா குட்டி எங்கிட்டு மேயும்? கொண்டுபோய்க் கடல்ல விடணும்.”

“அசைக்கக் கூடாதுன்னு...”

“சொன்னவுகளை வந்து பிரசவம் பாக்கச் சொல்லுங்க.”

ரோட்டுக்குப் போய் நானே நின்றேன். உக்கிரபாண்டியின் லாரி உப்பளத்துக்குக் காலியாகப் போகிற வேளை எனக்குத் தெரியும். கையை விரித்து நிறுத்தினேன். அவன் மிரண்டுவிட்டான்.

“அக்கா, மொதலாளி லாரி. வழியில புடிச்சாகன்னா வண்டியும் போயிரும், நானும் போயிருவேன்.”

“கடல்ல விடுறதுக்கும் ஜெயிலா?”

“எனக்கென்னக்கா தெரியும். எடத்தை விட்டு எடம் கொண்டுபோறதுக்குன்னுதான சொல்றாக.”

“அப்ப நான் மேல உக்காந்து வாரேன். எவன் கேட்டாலும் எம் பேரைச் சொல்லு. இந்தப் பொம்பளை மெரட்டி ஏத்துனாள்னு சொல்லு.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். பிறகு, “விடியக் கருக்கல்ல வாரேன், தயாரா வச்சிருங்க” என்றான். நல்ல பிள்ளை. அவனுக்கும் வீட்டில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள்.

மறுநாள் கமலையில் மாடுகளைப் பூட்டினோம். கிணறு வெட்டிய நாளிலிருந்து அந்த மாடுகள் அப்படி இழுத்ததில்லை. ஊர் ஆண்கள் வடத்தைப் பிடித்துக் கொடுத்தார்கள். எங்களைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்த அதே ஆட்கள். லாரியில் ஈரச் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, மேலேயும் ஈரச் சாக்குப் போட்டோம். பந்தல்குடி தாண்டி, கரிசல் காடு தாண்டி, பனைமரம் தெரிகிறவரை நான் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தேன். அது கண்ணை மூடித் திறந்தது. கண்ணோரத்தில் கொழகொழவென்று நீர் வடிந்தது. “இந்தா வந்திருச்சு, இந்தா வந்திருச்சு” என்று பிரசவத்துக்குப் போகிற பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். யாரும் எங்களை நிறுத்தவில்லை.

கரையில் இறக்கித் தண்ணீர் ஓரம்வரை இழுத்தோம். அப்போதுதான் என் வீட்டுக்காரர் மடியிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்தார். எப்போது நனைத்து வைத்தாரோ தெரியாது. எங்கள் ஊரில் கன்றைச் சாமிக்கு நேர்ந்துவிட்டால் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி அவிழ்த்துவிடுவார்கள். அது எவன் வெள்ளாமையிலும் மேயலாம். ஒருத்தன் கம்பைத் தூக்கமாட்டான். பசி பட்டினியான வருஷத்திலும் யாரும் அதைத் தொட்டதில்லை. அந்தத் துணிதான் அதற்குக் காவல்.

“ஆபீசுக் காவல் அவுக காகிதத்தோட நிக்கட்டும். இது நம்ம காளியாத்தா காவல்” என்றார். துணியில் ஒரு காசை முடிந்து, கற்றாழை நாரோடு சேர்த்து முறுக்கினார். கழுத்து என்று தனியாக இல்லாததால், வாலுக்கு மேலே ஒடுங்கின இடத்தில் சுற்றிக் கட்டினார். இறுக்கமாகவும் இல்லாமல் கழன்றுவிடவும் செய்யாமல், முனையை நீளமாகத் தொங்கவிட்டார். “தூரத்துலயே தெரியணும்ல” என்றார். மாடு கட்டிப் பழகின கை. அவர் போட்ட முடிச்சு அவிழாது.

அலை வந்து தூக்கியதும் அது புரண்டது. ஒரு தடவை மூச்சு விட்டது, கிணற்றில் கேட்ட அதே மூச்சு. கொஞ்ச தூரத்தில் இன்னொரு தடவை. மஞ்சள் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தார். அதற்கு முன் அவர் கடலைப் பார்த்ததே இல்லை. ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். இந்தத் தடவை துப்பவில்லை.

“நம்ம கெணத்துத் தண்ணிதான்” என்றார்.

மிளகாய் போய்விட்டது. அந்த வருஷம் மறுபடி அடுத்தவர் காட்டுக்குக் களையெடுக்கப் போனோம். எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை. அவரோ நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். டீக்கடையில் உட்கார்ந்து பேசினார். பிச்சையம்மாள் கூடையோடு வருகிற நாளெல்லாம், “நம்ம ஆளு கண்ணுல பட்டுச்சா?” என்று தூரத்திலிருந்தே கேட்பார். “கடல் என்ன ஒங்க கண்மாயா?” என்று அவள் சிரிப்பாள்.

ஆடி மாதம் காற்று வாரிப்போடுகிற ஒரு நாள் அவள் வந்தாள். அவர் கிணற்றடியில் இருந்தார். அவள் என்னை வேலி ஓரமாக அழைத்துப் போய்க் கூடையை இறக்கி வைத்தாள். மீன் எடுக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை என் கையில் வைத்தாள். காசில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

“கறியை எலைக்கடியில வச்சு ஒளிச்சு வித்தாக. எனக்கும் ஒரு கூறு எடுத்துக்கச் சொன்னாக. எப்படிச் சிக்குச்சுன்னு கேட்டேன்.” அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. “வால்ல தொங்குன துணி வலைக்கண்ணுல மாட்டிக்கிடுச்சாம். வெறும் ஒடம்பா இருந்தா தப்பிச்சுப் போயிருக்கும்னு சொன்னாக. துணியும் நாருமா நைலான்ல சுத்திக்கிட, அதால மேல வர முடியலையாம். காலையில வலை இழுக்கும்போது செத்துக் கெடந்துச்சாம். முடிச்சு அவுரலையாம் பொன்னுத்தாயி. அரிவாள வச்சு அறுத்து எடுத்திருக்காக.”

“துணி கட்டியிருந்துச்சே, நேர்ந்துவிட்டதுன்னு தெரியலையா அவுகளுக்கு?” என்றேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கடலில் எவன் மாட்டை நேர்ந்துவிட்டான். அவர்களுக்கு அது வாலில் சிக்கின கந்தல்.

“குட்டி?”

“முன்னாடியே போட்டிருச்சாம். சின்னக் குட்டியாம். வலையச் சுத்திச் சுத்தி வந்துச்சாம். வெரட்டியும் போகலையாம்.” அவள் மூக்கைச் சிந்தினாள். “பெறகு எங்கிட்டுப் போச்சோ.”

பால்குடிக் குட்டி எங்கே போகும். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உப்பைக் கொட்டி, புல்லை வாரி, மாட்டைப் பூட்டி நாங்கள் செய்ததெல்லாம் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. செல்லப்பாண்டி கொல்லவில்லை, கிணறு கொல்லவில்லை. கண்ணாக வளர்த்துக் காவல் கட்டி அனுப்பின கைதான் கொன்றது. அந்தக் கையின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடைசியில் சொல்கிறேன் என்றேனே, கோபத்துக்கு மேலே வருவது அந்தக் கையின் மேல் உள்ள இரக்கம்தான்.

“என்ன பிச்சையம்மா” என்று சத்தம் கேட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் வந்துகொண்டிருந்தார். “நம்ம ஆளு கண்ணுல பட்டுச்சா?”

பிச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். நான் காசை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“பட்டுச்சாம்” என்றேன். “குட்டியோட மேஞ்சுக்கிட்டுத் திரியுதாம்.”

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்க்கவில்லை, மீன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வால்ல துணி இருக்காமா?”

“இருக்காம்.”

“அப்ப ஒருத்தன் தொடமாட்டான்” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எடுத்து வைத்திருந்த நெல்லிக்கட்டைகளை மறுபடியும் கிணற்றில் இறக்கப் போனார்.